ரயிலில் வருகிறேன் என்று சொல்

அக்கா,

கம்ப்யூட்டரை அணைக்காமலே கிளம்பிப் போய்விட்டான் கார்த்திக். திரையில் ஒரு வரைபடம் இன்னும் எரிந்துகொண்டிருக்கிறது. புனேயில் ஒரு சிவப்புப் புள்ளி, சென்னையில் ஒரு சிவப்புப் புள்ளி, இரண்டையும் சேர்த்து வில்லாக வளைந்த ஒரு கோடு. வான்வழித் தூரம் தொள்ளாயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் என்று கீழே போட்டிருக்கிறது. பயண நேரம் ஒன்றரை மணி. காலையில் அந்தக் கோட்டின் மேல் விரலை ஓட்டிக் காட்டினான். "டென்ஷன் மத் லே அம்மா, கவலைப்படாதே. ஒன்றரை மணி நேரம், அவ்ளோதான். நீ காய் வாங்கிட்டு வர்றதுக்குள்ள நான் அங்க இருப்பேன்."

இந்த ஒன்றரை மணி நேரத்தை இதற்கு முன்னால் இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். இரண்டும் உங்கள் விஷயமாகத்தான்.

பிள்ளை முதல் வேலைக்குப் போகிறான், அழுது வழியனுப்பக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். ஆட்டோ தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள்தான், இன்னும் எழுந்திருக்கவில்லை. இவர் டூட்டிக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு மராத்திக்காரப் பெண்ணிடம் சொன்னால், "அதில் பயப்பட என்ன இருக்கிறது காக்கூ?" என்று சிரிப்பாள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் போய் இரண்டு வருஷம் ஆனால் என்ன? இந்தக் கணக்கைப் போட உங்களை விட்டால் எனக்கு ஆள் ஏது?

புனேயில் தாபோடி குவார்ட்டர்ஸில் நாம் எதிரெதிர் வீடு. நான் கல்யாணமாகி வந்தபோது நீங்கள் ஏற்கெனவே அங்கே பழையவர். மெத்திக் கீரை ஆய்வதற்கும், ஹிந்தியில் பால்காரனோடு சண்டை போடுவதற்கும் நீங்கள்தான் சொல்லிக் கொடுத்தீர்கள். உங்களுக்கு அரக்கோணம். பம்பாய் மெட்ராஸ் ரயில் உங்கள் ஊரிலேயே நிற்கும். "எங்க வீட்டு வாசல்ல இறக்கி விட்டுட்டுத்தான் அது மெட்ராஸ் போகும்" என்று பெருமையடிப்பீர்கள். ஒரு ராத்திரியும் அதற்கு மேல் கொஞ்சமும் ஆகும். புளியோதரைப் பொட்டலமும் தண்ணீர்க் கூஜாவுமாக வருஷத்துக்கு ஒரு தடவை ஏறுவீர்கள். ஏறும்வரை சிரிப்பு. திரும்பி வந்து இறங்கும்போது மட்டும் முகம் தொங்கிப் போயிருக்கும். "அம்மாவுக்கு இந்தத் தடவை மூச்சு வாங்குதுடி. நான் மட்டும் இவ்வளவு தூரத்துல இருக்கேன்" என்பீர்கள்.

தூரத்தில் கட்டிக் கொடுத்த பெண்களுக்கெல்லாம் இருக்கும் பயம்தான் அது. அம்மா போனால் முகம் பார்க்கக் கிடைக்குமா? ஊரில் இருக்கிறவர்களுக்கு இது புரியாது. அவர்களுக்குப் பகலில் போனால் பொழுது சாய்வதற்குள் எடுத்தாக வேண்டும். தூரத்துப் பிள்ளை வரவேண்டும் என்றால் ஐஸ் பாளம் வாங்கி வைப்பார்கள். அந்தப் பிள்ளை எப்போது வரும் என்று யாராவது நிச்சயமாகச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான்.

அந்தத் தை மாதக் காலையில் குவார்ட்டர்ஸில் டெலிபோன் இருந்த ஒரே வீடான சர்தார்ஜி வீட்டிலிருந்து ஆள் வந்து கூப்பிட்டது. உங்கள் அண்ணன் பேசினார். அம்மா விடியற்காலையில் போய்விட்டார். நீங்கள் தலையில் கைவைத்து அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டீர்கள். உங்கள் வீட்டுக்காரர், அவரை நான் அன்றைக்கும் இன்றைக்கும் சார் என்றுதான் கூப்பிடுகிறேன், கேம்ப் கடைத்தெருவுக்கு ஓடி டிக்கெட் ஏஜென்ட்டைப் பிடித்தார். அன்றைக்கு மெட்ராஸுக்கு விமானம் இருந்தது. அந்தக் காலத்தில் தினமும் கிடையாது. ஒரே ஒரு இடம் கிடைத்தது. அதை வாங்கிக்கொண்டு, வரும் வழியிலேயே எஸ்டிடி பூத்தில் புகுந்து உங்கள் அண்ணனுக்குப் போன் போட்டார். உங்களுக்கு மாற்றுப் புடவை வாங்கப் போன நான் பூத்தின் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தேன். அவர் கத்திப் பேசியது தெரு முழுக்கக் கேட்டது.

"கவலைப்படாதீங்க மச்சான். பிளேன்ல ஏத்தி விடறேன். ஒன்றரை மணி நேரம்! கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள வந்துடுவா!"

பாவம், அவர் பொய் சொல்லவில்லை. விமானம் பறக்கும் நேரம் ஒன்றரை மணிதான். அந்தக் காலத்தில் நம்மில் யார் விமானம் ஏறியிருந்தோம்? சொல்லும்போது அந்த அழுகையிலும் அவர் குரலில் ஒரு பெருமை இருந்தது. பெண்டாட்டியைப் பிளேனில் அனுப்புகிறோம் என்ற பெருமை.

உங்கள் பெண் வித்யாவை என்னிடம் விட்டுவிட்டுப் போனீர்கள். அதற்கப்புறம் நடந்தது எல்லாம் நீங்கள் காரியம் முடிந்து வந்து என் சமையல்கட்டில் உட்கார்ந்து சொன்னதுதான். லோஹகாவ் விமான நிலையத்தில் பனி. ஓடுதளம் கண்ணுக்கே தெரியவில்லை. பனி விலகினால் ராணுவ விமானங்கள் முதலில். நாற்காலியில் உட்கார முடியாமல் சுவரோரம் நின்றே இருந்தீர்கள். ஏறின பிறகு ஒரு பெண் தட்டு நிறைய மிட்டாய் நீட்டினாள். வேண்டாம் என்று சொல்லத் தெரியாமல் ஒன்றை எடுத்துக் கையில் மூடிக்கொண்டீர்கள். மெட்ராஸில் இறங்கி, டாக்ஸி பேசி, அரக்கோணம் போய்ச் சேரும்போது தெருவிளக்கு போட்டுவிட்டார்கள். தெரு முனையிலேயே டாக்ஸியை நிறுத்தச் சொன்னீர்கள். ஏனென்றால் தெரு முழுக்கப் பூ. சாமந்தியும் ரோஜா இதழும், மிதிபட்டுக் கிடந்தது. யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

"குனிஞ்சு அந்தப் பூவைத் தொட்டேண்டி. கை எல்லாம் மிட்டாய் பிசுபிசுப்பு. பூ கையிலயே ஒட்டிக்கிச்சு. உதறினாலும் போகல."

அதைச் சொல்லும்போது நீங்கள் அழவில்லை. நான்தான் அழுதேன்.

உங்கள் அண்ணன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை. அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "ஒன்றரை மணி நேரம்னுதானே மாப்பிள்ளை சொன்னாரு? மூணு மணி வரைக்கும் வாசல்லயே நின்னோம்மா. பிளேன்ல வர்றவ இன்னும் வரலைன்னா இனிமே எங்க வரப்போறான்னு பெரியவங்க பேசிட்டாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அதையும் சொல்லிவிட்டு, காபி ஆறிப்போன டம்ளரைக் கீழே வைத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "ரயில்ல வரேன்னு சொல்லியிருந்தா மறுநாள் வரைக்கும் வச்சிருப்பாங்கடி."

அது சத்தியமான பேச்சு அக்கா. ரயில் என்றால் ஊரில் எல்லாருக்கும் கணக்குத் தெரியும். பூனா ரயில் நாளைக்குத்தான் வரும் என்று ஐஸ் வாங்கப் போயிருப்பார்கள். விமானம் என்று சொன்னதால்தான் உங்கள் அம்மா முகம் உங்களுக்கு இல்லாமல் போனது.

அதற்கப்புறம் நீங்கள் மாறித்தான் போனீர்கள். குவார்ட்டர்ஸில் யார் எங்கே கிளம்பினாலும் பிடித்து நிறுத்தி வாசலிலிருந்து வாசல் வரைக்கும் கணக்குக் கேட்பீர்கள். "பிளேன் பறக்கற நேரம் பிளேனுக்கு. நம்ம நேரம் செருப்பு மாட்டறதுல ஆரம்பிக்குது" என்பீர்கள். ஆட்டோவுக்கு எவ்வளவு, வரிசைக்கு எவ்வளவு, பெட்டி வருவதற்கு எவ்வளவு, அங்கே இறங்கி வண்டி பிடிக்க எவ்வளவு. எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "கேட் போட்டிருந்தா?" என்று ஒரு கேள்வி. தாபோடி ரயில்வே கேட்டைச் சொல்கிறீர்கள். பிள்ளைகள் உங்களுக்கு கேட் ஆன்ட்டி என்றே பெயர் வைத்துவிட்டார்கள். நீங்கள் சிரித்துக்கொண்டே, "சொல்லுங்கடா சொல்லுங்க. கேட் போட்டிருக்கற அன்னைக்குத் தெரியும்" என்பீர்கள். சார் மட்டும் சிரிக்க மாட்டார். அவர் அதற்கப்புறம் யாருக்கும் எந்த நேரமும் சொன்னதில்லை. சாப்பாடு எப்போது என்று கேட்டால்கூட, "ஆகும்போது ஆகும்" என்றுதான் பதில்.

போன் இன்னும் வரவில்லை. இறங்கியதும் பண்ணுடா என்று நூறு தடவை சொல்லி அனுப்பினேன். பறக்கும்போது அணைத்துத்தான் வைப்பான், தெரியும். தெரிந்து என்ன? கை மறுபடி மறுபடி ரிசீவரை எடுத்துப் பார்க்கிறது, லைன் இருக்கிறதா என்று.

சார் ரிட்டயராகி நீங்கள் புனேயிலேயே ஔந்துக்கு ஃபிளாட் வாங்கிப் போனது, எனக்கு ஒரு கை போன மாதிரி இருந்தது. ஆனாலும் வாரம் ஒரு நாள் வந்துவிடுவேன். வித்யாவுக்குச் சென்னையில் கம்ப்யூட்டர் வேலை கிடைத்த அன்று நான் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். எல்லாரும் பேடா சாப்பிட்டோம். நீங்கள் மட்டும் கையிலேயே வைத்திருந்தீர்கள். எனக்கு அந்த மிட்டாய் ஞாபகம் வந்துவிட்டது.

ஏற்கெனவே உங்களுக்கு நெஞ்சு வலி ஒரு தடவை வந்து போயிருந்தது. அவள் கிளம்புவதற்கு முந்தின நாள், சாப்பாட்டு மேஜையில் அவல் போஹா தட்டை அவள் முன்னால் வைத்துவிட்டு நீங்கள் ஆரம்பித்தீர்கள்.

"எனக்கு ஏதாவது ஆச்சுன்னா நீ பிளேன்லதான் வரணும். ஆனா யாரு கேட்டாலும் ரயில்ல வரேன்னு சொல்லு."

"அம்மா, ப்ளீஸ்! நல்ல நாள்ல என்ன பேசறே நீ?"

"பேசினா செத்துட மாட்டேன். கேளு. ரயில்னா நாளைக்குன்னு எல்லாரும் உக்காந்துடுவாங்க. பிளேன்னு சொன்னியோ, ஒன்றரை மணி நேரத்துல எல்லாரும் கடிகாரத்தைப் பாக்க ஆரம்பிச்சுடுவாங்க. நான் பட்டது போதும்."

"சித்தி, நீங்களாவது சொல்லுங்களேன் இவங்களுக்கு!" என்று வித்யா என் பக்கம் திரும்பினாள். நான் என்ன சொல்வேன்? சாந்தமாக, "அம்மா சொல்றதைக் கேட்டுக்கோ கண்ணு" என்றேன். சோபாவில் சார் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். முகம் பேப்பருக்குப் பின்னால் இருந்தது. வெகுநேரமாகப் பக்கம் திருப்பவில்லை.

நீங்கள் போன அன்று காலையில் பேய் மழை. தூக்கத்திலேயே போய்விட்டீர்கள் என்று சார் போன் பண்ணினார். கட்டியிருந்த புடவையோடு ஆட்டோவில் ஏறினேன். கேட் போட்டிருந்தது அக்கா. நிஜமாகவே போட்டிருந்தது. சரக்கு வண்டி ஒன்று பெட்டி பெட்டியாகப் போய்க்கொண்டே இருந்தது. ஆட்டோவில் உட்கார்ந்து உங்களைத் திட்டித் திட்டி அழுதேன். ஆட்டோக்காரன் பயந்துபோய், "காய் ஜாலம் தாயீ?", என்ன ஆச்சு என்று மராத்தியில் திரும்பித் திரும்பிக் கேட்டான்.

நான் உள்ளே நுழையும்போது வித்யாவின் போன் வந்தது. சார் பேச முடியாமல் என்னிடம் நீட்டினார். அவள் சொன்னாள்: "சித்தி, நான் ரயில்ல வரேன்னு சொல்லிடுங்க." சொன்னதும் வைத்துவிட்டாள்.

அந்த நேரத்திலும் ஞாபகம் வைத்திருந்தாள் பாருங்கள் உங்கள் பெண்! நான் ஹாலுக்கு வந்து, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வித்யா ரயில்ல வரா. நாளைக்குத்தான் வந்து சேருவா" என்றேன்.

கொஞ்ச நேரம் கழித்து மும்பையிலிருந்து சாருடைய அண்ணன் காரில் வந்து இறங்கினார், அவரிடமும் அதையே சொன்னேன். எதையும் சட்டுபுட்டென்று முடிக்கிற மனுஷன். "இந்தக் காலத்துல யாரும்மா ரயில்ல வரா? பிளேன்ல ஏறச் சொல்லு. ஒன்றரை மணி நேரம். மத்தியானத்துக்குள்ள வந்துடுவா, நாலு மணிக்கு எடுத்துடலாம். மழை வேற" என்றார்.

அதே ஒன்றரை மணி நேரம், அதே மாதிரி சுலபமாக. "டிக்கெட் கிடைக்கலையாம்" என்றேன். அவர் விடவில்லை. "எனக்கு ஏஜென்ட் தெரியும், நான் போடறேன்" என்று செல்போனை எடுத்துவிட்டார். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன். டிக்கெட் கிடைக்கிறது என்று தெரிந்துவிடும், நேரம் பேசுவார்கள், மறுபடியும் எல்லாரும் வாசலைப் பார்ப்பார்கள்.

அப்போதுதான் சார் வாய் திறந்தார். உங்கள் காலடியில் உட்கார்ந்திருந்தவர் தலை நிமிராமலே சொன்னார். "ரயில்லதான் வரா அண்ணா. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வச்சுக்கலாம். ஐஸ் பெட்டிக்குச் சொல்லிடு."

இத்தனை வருஷத்தில் அவர் வாயிலிருந்து ஒரு நேரம் வந்து அன்றைக்குத்தான் கேட்டேன். அண்ணன் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு, செல்போனை மூடி வைத்தார். ஐஸ் பெட்டி வந்தது. பூக்கூடைகளை மழை படாமல் லிஃப்டுக்குப் பக்கத்தில் அடுக்கினார்கள். வந்தவர்கள் நாளைக்கு வருகிறோம் என்று கிளம்ப ஆரம்பித்தார்கள். எல்லாருக்கும் நிம்மதி. எனக்கும் சாருக்கும் மட்டும் இல்லை, ஏனென்றால் அவள் வானத்தில் வந்துகொண்டிருக்கிறாள் என்று எங்கள் இருவருக்குத்தான் தெரியும்.

ஏறிவிட்டேன் என்று ஒரு தகவல் வந்தது. அதற்கப்புறம் ஒன்றும் இல்லை. வந்திருக்க வேண்டிய நேரம் தாண்டியது. பால்கனியில் போய் நின்று பார்த்தேன். மேகம் எதிர் கட்டிடத்தின் மொட்டை மாடிவரை இறங்கிக் கிடந்தது. எங்கேயோ மேலே ஒரு விமானச் சத்தம் வருவதும் போவதுமாக இருந்தது. அவளுடையதா வேறெதுவா, யார் கண்டார்கள்? நான் அதையே பார்த்துக்கொண்டு, இறங்கு, இறங்கு என்று முனகிக்கொண்டிருந்தேன். சார் உள்ளேயிருந்து என்னைப் பார்ப்பார். நான் தலையை அசைப்பேன், இல்லை என்று.

மூன்று மணிக்கு அவள் கூப்பிட்டாள். "சித்தி, இங்க இறங்க முடியல. மேலயே சுத்திட்டுப் பாம்பே கொண்டுபோய் இறக்கிட்டாங்க. டாக்ஸி எடுத்திருக்கேன். வழியில மலைப் பாதைல ரொம்ப மழையாம். சித்தி, அம்மா..." கேட்க வந்ததைக் கேட்காமலே லைன் போய்விட்டது.

நாலு மணி ஆனபோது கடிகாரம் பார்க்க மாட்டேன் என்றுதான் இருந்தேன். பார்த்துவிட்டேன். பிளேன் என்று சொல்லியிருந்தால் இந்நேரம் உங்களைத் தூக்கியிருப்பார்கள் அக்கா. அவள் எக்ஸ்பிரஸ்வேயில் ஏதோ ஒரு லாரிக்குப் பின்னால் நின்றிருப்பாள்.

அவள் வந்தபோது கீழே விளக்கு போட்டுவிட்டார்கள். லிஃப்டுக்குக் காத்திருக்காமல் மூன்று மாடியும் ஏறி வந்திருந்தாள். கழுத்தில் ஆபீஸ் அட்டை தொங்கியது. வாசலில் என்னைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள். உள்ளே பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"திருப்பத்துலேர்ந்து கீழயே பார்த்துட்டு வந்தேன் சித்தி. ரோட்டுல பூ இல்ல. இல்லதானே?"

"இல்லடா கண்ணு. எல்லாம் கூடையிலதான் இருக்கு. அம்மா உள்ள இருக்கா. வா" என்றேன்.

சாருடைய அண்ணன், "ரயில்ல வரதாச் சொன்னீங்களே..." என்று ஆரம்பித்தார். நான் அவளை உள்ளே அழைத்துக்கொண்டு போனேன். அவரும் அப்புறம் கேட்கவில்லை. மறுநாள் பத்து மணிவரைக்கும் அவளுக்கு நேரம் இருந்தது. அவ்வளவு நேரமும் உங்கள் பக்கத்திலேயே இருந்தாள். உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே ஏதேதோ பேசினாள், கோபித்துக்கொண்டாள், ஒரு தடவை சிரிக்கக்கூடச் செய்தாள். உங்களுக்கு உங்கள் அம்மாவிடம் கிடைக்காமல் போனது முழுசாக அவளுக்குக் கிடைத்தது. அதை நீங்கள்தான் ஏற்பாடு பண்ணிவிட்டுப் போனீர்கள்.

இதோ, மணி அடித்தது. பேசிவிட்டு வந்து எழுதுகிறேன்.

சேர்ந்துவிட்டான் அக்கா. ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிட்டானாம். பெட்டி வர நேரம், டாக்ஸி வரிசை, டிராஃபிக் எல்லாம் சேர்த்து ரூமுக்குப் போய்ச் சேர இவ்வளவு நேரம். "அதான் போன் லேட். ஸாரி அம்மா" என்றான். நான் அழுதுவிட்டேன். அழுதுகொண்டே, முதல் நாளே சொல்லக் கூடாதுதான், ஆனாலும் சொல்லிவிட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் பிளேனில் வா, ஆனால் ரயிலில் வருகிறேன் என்று சொல் என்றேன். உங்கள் கதை அவனுக்கும் தெரியும். கேட் ஆன்ட்டி என்று கத்தின கூட்டத்தில் அவனும்தானே ஒருத்தன். சிரிப்பான் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. அவனுடைய உடைந்த தமிழில் மெதுவாகச் சொன்னான்.

"சரி அம்மா. நான் ரயில் சொல்றேன். நீ வெயிட் பண்ணுவே இல்ல? நான் வர்ற வரைக்கும்?"

பண்ணுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன் அக்கா. திரையை அணைத்துவிட்டேன். அந்தக் கோட்டில் எங்கேயும் தாபோடி ரயில்வே கேட் இல்லை.